வரிசையின் ஓரத்தில் ஒருத்தி

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் உன் மாப்பிள்ளையும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று பொய் சொல்லாமல் எழுது. போன தடவை "பரவாயில்லை" என்று எழுதிவிட்டு, பஸ் கண்டக்டரிடம் நொண்டிக் காட்டியது என் காதுக்கு வந்துவிட்டது.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். எங்கள் அருங்காட்சியகத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்திருக்கிறது. உள்ளே முழுக்கக் கண்ணாடித் தகடுகள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு போட்டோக்காரர் நம் ஊர்ப் பக்கமெல்லாம் சுற்றி, வேலை செய்கிறவர்களையே தேடித் தேடிப் படம் எடுத்திருக்கிறார். கிணறு வெட்டுகிறவர்கள், துணி அலசுகிறவர்கள், கூரை வேய்கிறவர்கள். அந்தத் தகடுகளிலிருந்து காகிதத்தில் படம் போடும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். எந்தத் தகட்டிலும் யார் என்ற விவரம் கிடையாது.

செப்டம்பரில் கண்காட்சி. எங்கள் மேலதிகாரி பிடிவாதக்காரர். யாரென்று தெரியாத ஆளைச் சுவரில் மாட்டி வேடிக்கை பார்ப்பது மரியாதை இல்லையாம். யாரென்று தெரிந்த படம் சுவருக்கு, தெரியாதது மறுபடி பெட்டிக்கு. நம் ஊரில் எல்லா வீட்டு சைக்கிளும் உன் கடையில் தலைகீழாக நின்றிருக்கிறது. உன்னை விட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? முதல் கட்டுப் படங்களை இத்துடன் அனுப்புகிறேன்.

இந்தச் சாக்கிலாவது நாலு வீட்டுப் படி ஏறு அண்ணா. பார்த்த பெண்ணையெல்லாம் ஏதோ சொல்லித் தட்டிக்கழித்தே ஐம்பதைத் தொட்டுவிட்டாய். சாயங்காலம் கடையை அடைத்த பிறகு உன்னோடு பேச ஓர் ஆள் இல்லை என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே கவலை. போகும்போது அந்தக் கிரீஸ் சட்டையை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் வாலு


பிப்ரவரி 27

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நான் நன்றாகவே இருக்கிறேன். முட்டி வலிக்கிறது, உண்மையைச் சொல்லிவிட்டேன், திருப்தியா? மாப்பிள்ளையின் இருமல் நின்றதா?

உன் கட்டைப் பிரித்த நாளிலிருந்து கடையில் பஞ்சர் ஒட்ட இடமில்லை. கிணற்றுக்குள் நிற்கிறவர் ரொட்டிக்கடைக்காரரின் அப்பா. அவருடைய காது மடலைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். துணி அலசும் மூன்று பேரில் இரண்டு பேர் யாரென்று தெரிந்துவிட்டது. மூன்றாவது ஆள் குனிந்திருப்பதால் ஊரே அவள் முதுகைப் பார்த்து வாதாடிக்கொண்டிருக்கிறது. பழைய வண்டிக்காரர் தினமும் வந்து "என் வண்டி இருக்குதா?" என்று கேட்கிறார். இல்லை என்றால் உன் மேலதிகாரியைத் திட்டிவிட்டுப் போகிறார்.

நம் தெருவில் புதிதாக ஒரு தையல்கடை வந்திருக்கிறது. சட்டைக் காலர் கிழிந்திருந்ததால் போயிருந்தேன். தையல்காரம்மா இந்த ஊரில்தான் பிறந்தாராம். கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட, பெரியம்மா தூக்கிக்கொண்டுபோய் வெளியூரில் வளர்த்திருக்கிறார். போன வருடம் பெரியம்மாவும் போன பிறகு, பிறந்த ஊரிலேயே பிழைப்போம் என்று மெஷினோடு வந்து இறங்கியிருக்கிறார். அம்மாவின் முகம் தெரியாது. ஒரு படம்கூட இல்லை. அவர் இடதுகையால் துணி வெட்டுகிறார். சின்ன வயதில் அதற்காகப் பெரியம்மா திட்டுவாராம், "அப்படியே உங்கம்மா கை" என்று. அம்மாவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

உன் படங்களை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ஒருவரும் இடதுகை இல்லை. "பரவால்லைங்க, இவங்களையெல்லாம் எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்ல" என்றார். காலர் தைத்ததற்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த கட்டைச் சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. முட்டிக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், சைக்கிள் செயினுக்குப் போட்டுவிடாதே.

உன் கடிதத்தை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். பாதிக் கடிதத்துக்கு ஊர் மொத்தமும், மீதிப் பாதிக்கு ஒரே ஒரு தையல்காரம்மாவும் இருப்பதாக அவர் சொல்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்து வருடமாகக் கிழிந்திருந்த காலர் திடீரென்று ஏன் உறுத்தியது என்று மட்டும் யோசிக்கிறேன்.

அதை விடு. இரண்டாவது கட்டை அனுப்புகிறேன். இதில் மேலே இருக்கும் படத்தை முதலில் அவரிடம் கொண்டுபோ. ஒரு பெண் செம்மறியாட்டை மடியில் சாய்த்து மயிர் கத்தரிக்கிறாள். முகம் முழுசாகத் தெரிகிறது. என்ன சிரிப்பு! கத்தரி இடதுகையில் இருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படத்தின் ஈரம் காயும்வரைகூடக் காத்திருக்க முடியாமல் விசிறியால் விசிறினேன்.

இப்படிக்கு,
உன் வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுக்கு,

சுகம், சுகம், சுகம். தைலம் நன்றாக வேலை செய்கிறது.

படத்தைக் கொடுத்தேன். ஓடிக்கொண்டிருந்த மெஷினைக் கையால் பிடித்து நிறுத்தினார். படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, "எங்கம்மா சிரிச்சிருக்காங்க" என்றார். அவ்வளவுதான். ஏதோ டயர் காற்றுப் போவதைப் பார்க்க வேண்டும் என்று உளறிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

படத்துக்குச் சட்டம் நான்தான் போட்டேன். மெஷினுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறார். துணி கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் அம்மாவை அறிமுகப்படுத்திவிட்டுத்தான் அளவு நாடாவை எடுக்கிறார். நான் போகும்போதெல்லாம் அங்கே கூட்டம். நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், சட்டை தைக்கக் கொடுத்திருப்பதால் போகிறேன். இரண்டு சட்டை. சரி, மூன்று.

இந்தக் கட்டில் கதிர் அறுக்கிற படம் ஒன்று இருக்கிறதே, அதை வண்டிக்காரரிடம் நீட்டினேன். "இது நம்ம ஊரே இல்லை. பெரிய பாறை அந்தப் பக்கம்ல இருக்கணும்?" என்று முழுசாகப் பார்க்காமலே தள்ளிவிட்டுப் போய்விட்டார். அதனால் அது உன் பெட்டிக்குத்தான். இன்னொரு வேடிக்கை கேள். அந்தப் படத்தில் அறுக்கிறவர்கள், மற்ற படங்களில் சக்கரம் செய்கிறவர், ஆணி அடிக்கிறவர் எல்லோருமே இடதுகை! அந்தக் காலத்து ஆட்களே அப்படித்தான் போலிருக்கிறது. "அப்ப எங்கம்மாவுக்கு நிறையத் துணை இருந்திருக்கு" என்று தையல்காரம்மா சிரித்தார். அறுப்பு வரிசையின் ஓரத்தில் ஒருத்தி மட்டும் வலதுகையில் அரிவாள் பிடித்திருக்கிறாள். எல்லோரும் குனிந்து வேலை செய்ய, அவள் மட்டும் மறுகையை இடுப்பில் வைத்து நிமிர்ந்து நின்று கேமராவை முறைக்கிறாள். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிற ஆள் என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
அண்ணன்


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்.

"எல்லோருமே இடதுகை" என்று நீ எழுதியதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே போட்டேன். ஓடிப்போய்த் தகடுகளை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம்தான் மருந்துப் பூச்சு இருக்கும். அந்தப் பக்கத்தைக் காகிதத்தோடு சேர்த்து வைத்துத்தான் படம் போட வேண்டும். இரண்டாவது கட்டுத் தகடுகளைப் பெட்டியில் திருப்பி அடுக்கியிருந்தார்கள். நான் கவனிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன். அந்தக் கட்டில் எல்லாமே இடவலம் மாறிவிட்டது அண்ணா. கண்ணாடியில் பார்ப்பது போல.

ஆடு கத்தரிக்கிறவள் வலதுகைக்காரி. தையல்காரம்மாவின் அம்மா இல்லை.

அவருக்கு நானே எழுதலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. ஒருத்திக்கு அம்மாவைக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்கிறேனே. நீ சொல்லிவிடு. தப்பு என்னுடையது என்றும் சொல். படம் போடும் காகிதம் தீர்ந்துவிட்டது, வந்ததும் சரியான படங்களை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை


மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கண்டக்டரிடம் விசாரித்தேன். கடை திறந்திருக்கிறதாம், நீ புதுச் சட்டையில் இருக்கிறாயாம்.

சொன்னாயா இல்லையா? அவர் என்ன சொன்னார்? என்னைத் திட்டியிருந்தாலும் அப்படியே எழுது. சரி செய்த படங்கள் இத்துடன் வருகின்றன.

இப்படிக்கு,
வாலு


ஜூன் 3

அன்புள்ள வாலுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மற்றது எதுவும் நன்றாக இல்லை.

நான் சொல்லவில்லை. தினமும் சொல்லத்தான் போனேன். போய் நின்றால் அவள் அந்தப் படத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள். நான் வாயைத் திறந்து, "இன்னொரு சட்டைக்கு அளவு எடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வருவேன். இப்போது என்னிடம் இருக்கிற சட்டைகளை உடுத்தித் தீர்க்க இன்னொரு பிறவி வேண்டும்.

உன் கட்டு வந்த பிறகு வேறு வழியில்லை. சரியான படத்தை மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. சுவரில் இருந்ததையும் கையில் இருந்ததையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "உங்க தங்கச்சி தெரியாம செஞ்சது. அது போகட்டும். உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள். ஏப்ரலில் என்றேன். "அப்பலேருந்து நான் யாரோ ஒருத்தங்களை அம்மான்னு சொல்றதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க" என்றாள். தைக்காமல் இருந்த என் துணியை மடித்து, ரொட்டிக்கடைக்காரர் மனைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டாள்.

நீ கேலி செய்யும்போதெல்லாம் மழுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு, அவளிடம் சொல்ல இன்று என்ன நடந்தது என்று யோசித்துக்கொண்டே நடப்பேன். அந்த நடை போய்விட்டது. அவளுக்கு வருத்தம் வரக்கூடாது என்று பார்த்தேன். கடைசியில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்படிக்கு,
அண்ணன்


ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாப்பிள்ளை உனக்காக இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால் அவரையும் சேர்த்து நீதான் கவனிக்க வேண்டும்.

போன கடிதங்களில் "அவர்", இந்தக் கடிதத்தில் "அவள்". உனக்கே தெரியாமல் எழுதியிருப்பாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. ஐம்பது வயதில் உன் வாயிலிருந்து இந்த வார்த்தை வருமென்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

கேள். அவர் கோபப்படுவது படத்துக்காக இல்லை. நீ ஒளித்ததற்காக. இனிமேல் எதையும் அடக்கிவைக்காதே. நல்லதோ கெட்டதோ, தெரிந்த நிமிடமே போய்ச் சொல். ரொட்டிக்கடைக்காரர் மனைவி வழியாக இல்லை, நேராக. அதுவரைக்கும் சரியான படங்களைக் கடையில் மாட்டி வை. வேலையாவது நடக்கட்டும்.

இப்படிக்கு,
வாலு


ஜூன் 21

என் அருமை வாலுக்கு,

நலமாக இருக்கிறாயா, மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்பதையெல்லாம் கடைசியில் கேட்கிறேன். முதலில் இதைப் படி.

நீ சொன்னபடி படங்களைக் கடைச் சுவரில் ஒட்டினேன். நேற்று ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் வந்தார். வழக்கம் போலத் திட்டப்போகிறார் என்று நான் நிமிரவே இல்லை. சத்தமே இல்லாததால் திரும்பினேன். கதிர் அறுக்கிற படத்துக்கு முன்னால் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். பாறை இப்போது இருக்க வேண்டிய பக்கத்தில் இருக்கிறதே! பின்னால் மங்கலாகத் தெரிவது அவருடைய வண்டிதான். ஐம்பது வருடம் கழித்து இரண்டு மாடுகளையும் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு, வரிசையில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராக, யார் மகள், யார் மருமகள் என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனார். எல்லோரும் வலதுகை. ஓரத்தில் நிமிர்ந்து நிற்கிறாளே, நான் டிமிக்கிக்காரி என்று எழுதினேனே, அவளிடம் வந்ததும் நிறுத்தினார்.

"இவ பக்கத்துல எவளும் நிக்க மாட்டா. இடதுகைக்காரி. குனிஞ்சா அரிவாள் ரெண்டும் இடிச்சுக்கும். அதான் எப்பவும் ஓரத்துல விடுவாங்க."

அவள் யார் என்று கேட்டேன். "யாரா? நம்ம தையல்காரியோட அம்மாடா தம்பி. அந்த அறுப்புக்கு எட்டு மாசம். சொன்னாக் கேக்காம வந்தா. நிமிந்து நிமிந்து இடுப்பைப் புடிச்சுக்குவா."

இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை, அந்த ஆடு கத்தரிக்கிறவள் யாரென்று கேட்டேன். அவள் வருடா வருடம் அந்த வேலைக்கு வெளியூரிலிருந்து வருகிறவளாம். நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோமாம், கெடுக்க மனசு வரவில்லையாம். எனக்கு அவரைத் திட்ட என்ன யோக்கியதை இருக்கிறது?

சுவரிலிருந்து படத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன். முட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. கையெல்லாம் கிரீஸ், பழைய சட்டை. கடை வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் படத்தை வாங்கி, அந்த முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாலு, இரண்டும் ஒன்று. புருவத்தைச் சுளித்துக்கொண்டு, நீ யாருடா என்னைப் பார்க்க என்கிற அதே முறைப்பு. திருப்பிப் போட்ட படத்தில் அது ஏன் எங்களுக்குத் தெரியவில்லை என்று இன்னும் புரியவில்லை.

எட்டு மாதம் என்று வண்டிக்காரர் சொன்னதையும் சொன்னேன். படத்தில் அந்த வயிற்றின் மேல் விரலை வைத்தாள்.

"அப்ப இது நானும் எங்கம்மாவும் சேந்து எடுத்துக்கிட்ட படம்."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். காஜா எடுக்கக் கொடுத்த துணிக்காக வந்து நின்ற ரொட்டிக்கடைக்காரரும் என்னவென்று தெரியாமலே அழுதார். கண்ணைத் துடைத்த பிறகு, "இதையும் ரெண்டு மாசம் கழிச்சுச் சொல்வோம்னு இல்லாம ஓடி வந்தீங்களே" என்றாள். என் துணியைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.

நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

இப்படிக்கு,
சந்தோஷத்தில் தலைகால் புரியாத அண்ணன்


ஜூலை 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகத்துக்கு என்ன குறை! உன் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோரும் கேட்கும்படி வாசித்தேன். மேலதிகாரி மூக்கைச் சிந்திவிட்டு, அந்தப் படத்தை வாசலுக்கு நேராகப் பெரிதாக மாட்டச் சொல்லிவிட்டார். வண்டிக்காரர் சொன்ன எல்லோர் விவரத்தையும் எழுதி அனுப்பு.

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. துணியைத் திருப்பிக் கேட்டாள் என்கிறாய். நீ அவளிடம் என்ன கேட்டாய்? சட்டைதானா?

இப்படிக்கு,
வாலு


ஜூலை 18

அன்புள்ள வாலுக்கு,

நலம். வரிசையில் உள்ளவர்களின் விவரம் பின்பக்கத்தில் இருக்கிறது.

வேறொன்றையும் கேட்டேன். அதற்கு அவள் மெஷினைப் படு வேகமாக ஓட்டினாள். மழை நன்றாகப் பெய்கிறது.

இப்படிக்கு,
அண்ணன்


ஆகஸ்ட் 24

அன்புள்ள வாலுக்கு,

மேலே உள்ள அந்த ஒரு வரி உங்கள் அண்ணன் எழுதியது. மூன்று நாளாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதற்கு மேல் ஓடவில்லை. அதனால் பிடுங்கி நான் எழுதுகிறேன். என் கையெழுத்து சாய்ந்துதான் இருக்கும், இடதுகை. நீங்களும் வீட்டில் உள்ளவரும் சுகமா? இங்கே நாங்கள் சுகம்.

அந்த ஏப்ரல் கடிதத்தை எனக்கும் காட்டினார். பாவம், எப்படி வருந்தியிருக்கிறீர்கள். நீங்கள் தகட்டைத் திருப்பி வைத்திருக்காவிட்டால் உங்கள் அண்ணன் என் கடைக்கு இத்தனை தடவை வந்திருக்க மாட்டார். ஆடு கத்தரிக்கிற அம்மாவை நான் கழற்றவில்லை. இரண்டு மாதம் அவர்களோடு பேசிப் பழகிவிட்டேன், இப்போது எப்படிப் போகச் சொல்வது? அம்மா பக்கத்திலேயே இருக்கிறார்கள். இருவருக்கும் ஒத்துப்போகிறது.

கண்காட்சியில் படத்துக்குக் கீழே வரிசையில் உள்ளவர்களை எழுதும்போது, ஓரத்தில் அம்மாவோடு என்னையும் சேர்த்துவிடுங்கள். மேலதிகாரி ஒத்துக்கொள்ளாவிட்டால் வண்டிக்காரரை அனுப்புகிறோம். அவர் தன் மாடுகளையும் சேர்க்கச் சொல்கிறார்.

திறப்பு விழாவுக்கு வருகிறோம். உங்கள் அண்ணனுக்குப் போட்டுக்கொள்ளச் சட்டைக்குப் பஞ்சமில்லை. தங்குவதற்கு உங்கள் வீட்டில் ஓர் அறை ஒழித்து வையுங்கள். ஓர் அறை போதும். போன வியாழக்கிழமை பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். உங்களை அழைக்காமல் செய்தது என் யோசனை இல்லை. இவர்தான், மனசு மாறுவதற்குள் என்று அவசரப்பட்டார். என் மனசாம். அதற்காக நேரில் நீங்கள் அவர் காதைத் திருகலாம், நான் பிடித்துக்கொள்கிறேன்.

இவ்வளவு தூரம் "நீங்கள்" என்று எழுதிவிட்டேன். இனி முடியாது. பஸ் நிலையத்துக்கு வந்து நில், முறைத்துக்கொண்டு இறங்குகிறவள்தான் நான்.

இப்படிக்கு,
உன் அண்ணி